கடலோரக் கிராமத்துப் பப்பில் மதிய உணவு: கேட்க வேண்டியது யார், சொல்ல வேண்டியது யார்?

லீட்ஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் கடற்கரையில், விட்பியிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு மீனவக் கிராமத்துப் பப்பில் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதி, பிழை எங்களுடையதா அவர்களுடையதா என்று கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். பப்பின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. பழி தீர்க்கும் நோக்கம் எனக்கு இல்லை.

மே மாதக் கடைசித் திங்கள், வங்கி விடுமுறை. நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகளும், மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் போயிருந்தோம். அம்மா முட்டைகூடத் தொடாதவர். சாராயக்கடைக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போகிறாய் என்று மேலே கார் நிறுத்துமிடத்திலேயே கேட்டார். ஊரில் நாம் பார்த்த மதுக்கடை வேறு, இங்கே பப் என்பது குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்று செங்குத்தான அந்தத் தெருவில் இறங்கி முடியும்வரை விளக்கிக்கொண்டே வந்தேன். வாசலைத் தாண்டியதும் கணப்பு அடுப்பின் முன்னால் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று படுத்திருந்தது. என் விளக்கமெல்லாம் வீணாகி, வெளியே கடலைப் பார்த்த மர மேசையில் போய் உட்கார்ந்தோம். அப்போது மணி 1.25.

முப்பத்தைந்து நிமிடம் யாரும் எங்களிடம் வரவில்லை. ஒரு பெண் இரண்டு முறை வந்து, பக்கத்து மேசைகளின் காலித் தட்டுகளை முழங்கை வரை அடுக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் கறுப்பாக இருப்பதால்தான் வரவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு மனைவிதான், எல்லோரும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்கள் போலிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். பாரில் வரிசை என்று ஒன்று இல்லை. எனக்குப் பின்னால் வந்த இருவர் எனக்கு முன்னால் வாங்கிச் சென்றார்கள். என் முறை வந்தபோது மேசை எண் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை, வெளியே ஓடினேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள பித்தளை வட்டம் ஒன்று பலகையின் ஓரத்தில் திருகாணியால் பதிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் என் மகனின் தொப்பி கிடந்தது.

நண்டு சாண்ட்விச் தீர்ந்துவிட்டது. பெரியவர்கள் இருவருக்கும் ஹாடக் மீனும் சிப்ஸும், பிள்ளைகளுக்கு ஸ்காம்பி (மேல்மாவு பூசிப் பொரித்த ஒருவகை இறால்), அம்மாவுக்கு ஒரு கிண்ணம் சிப்ஸும் சாலடும், குடிப்பதற்குச் சில பானங்கள். 68 பவுண்டு முன்கூட்டியே கொடுத்தேன். அம்மாவுக்கான சிப்ஸ் சைவம்தானா என்று பாரில் இருந்த பையனிடம் கேட்டேன், ஆம் என்றான். உணவு 2.50க்கு வந்தது. மீன் அருமையாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்: மேல்மாவு மெல்லியது, முறுகியது, உள்ளே மீன் இதழ் இதழாகப் பிரிந்தது.

கை கழுவ உள்ளே போனபோதுதான் பாருக்குப் பக்கத்துச் சுவரில் கரும்பலகையைப் பார்த்தேன். தங்கள் மீனும் சிப்ஸும் பரம்பரை வழக்கப்படி மாட்டுக் கொழுப்பில் பொரிக்கப்படுகின்றன என்று வண்ணச் சாக்பீஸில், பெருமையோடு எழுதியிருந்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா பாதிக் கிண்ணத்தைச் சாப்பிட்டிருந்தார். சொல்வதா வேண்டாமா என்று நின்றேன். சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த சிப்ஸைக் கிண்ணத்தில் திரும்பப் போடாமல் காகிதத் துண்டில் மடித்து ஓரமாக வைத்தார்; தண்ணீர் கேட்டார். லீட்ஸ் வந்து சேரும்வரை கார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

அடுக்களைப்பையன் எழுதியது:

அண்ணா, முதலில் அம்மாவுக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஹல்லில் படித்தபோது ஸ்கார்பரோவுக்குத் தெற்கே ஒரு கடலோரப் பப்பின் அடுக்களையில் இரண்டு கோடைக்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன்.

யார்க்‌ஷயரில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது விதிவிலக்கு அல்ல, வழக்கம். மீன் சிப்ஸ் கடைகளும் பெரும்பாலும் அப்படித்தான். தாவர எண்ணெயில் பொரித்தால் இங்குள்ள பழைய வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்டி பெட்டியாக வெள்ளைக் கட்டிகளாக வரும். காலையில் அதை வாணலியில் உருக்குவதுதான் என் முதல் வேலை. சில பப்புகளில் இரண்டாவது பொரிகலன் ஒன்றில் தாவர எண்ணெய் வைத்திருப்பார்கள். எங்களிடமும் இருந்தது. ஆனால் கூட்டம் அதிகமாகிவிட்டால் அதிலேயே ஸ்காம்பியையும் போட்டுவிடுவார்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எந்த எண்ணெய், அதில் வேறு என்ன பொரிக்கிறீர்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 14 ஒவ்வாமைப் பொருள்கள் குறித்த தகவலை உணவகங்கள் தர வேண்டும் என்ற விதி 2014 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. பசையம் உள்ள தானியங்கள், மீன், முட்டை, பால், கடுகு, எள், செலரிகூட அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டுக் கொழுப்பு இல்லை. ஒவ்வாமை அட்டவணையை வரிவரியாகப் படித்தாலும் உங்கள் அம்மாவுக்கு வேண்டிய பதில் அதில் கிடைத்திருக்காது. ஆனால் சைவம் என்று சொல்லி விற்றிருந்தால் அது வேறு விஷயம். அது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது. அதனால்தான் கேட்கிறேன்: அந்தப் பையனிடம் நீங்கள் சொன்ன வார்த்தைகள் சரியாக என்ன?

காத்திருந்தது பற்றி ஒன்று. தட்டு எடுக்க வந்த பெண் ஆர்டர் எடுக்கமாட்டார். அவருக்கு அது வேலையும் இல்லை. கிராமத்துப் பப்பில் பெரும்பாலும் மேசைக்கு வந்து கேட்கும் பழக்கம் கிடையாது. வாடிக்கையாளர்தான் பாருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள்கூட எங்கள் வெளிமேசைகளில் அப்படி உட்கார்ந்து கோபித்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்விக்குறி எழுதியது:

மேலே தம்பி எழுதியது தகவல் என்ற அளவில் சரி. நியாயம் என்ற அளவில் எனக்கு உடன்பாடு இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள் என்று தெரிந்தே நடத்தப்படும் கடற்கரைத் தொழில் இது. மேசையில் ‘பாரில் வந்து சொல்லவும்’ என்று ஓர் அட்டை வைக்க என்ன செலவாகும்? கரும்பலகை உள்ளே, வாடிக்கையாளர்கள் வெளியே. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த சடங்குகளை மற்றவர்களும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு விருந்தோம்பலாகத் தெரியவில்லை. நான் பர்மிங்காமில் பதினெட்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். இன்னமும் பாரில் அடுத்தது யார் என்பதைக் கண்டுபிடிக்கும் கலை எனக்குக் கைகூடவில்லை.

68 பவுண்டு வாங்கிக்கொண்டு 2.50 மணிக்கு உணவு தருவதையும் யாரும் கேள்வி கேட்கமாட்டீர்களா?

நடைராசா எழுதியது:

நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். மலைநடை வழிகாட்டி நூல்களுக்குப் பெயர்போன ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1973இல் எழுதி வகுத்துக்கொடுத்த கரையிலிருந்து கரைக்கான நடைபாதை, மேற்கே செயின்ட் பீஸில் தொடங்கி ஏறத்தாழ 190 மைல் கடந்து, கிழக்கே ராபின் ஹூட்ஸ் பே கிராமத்தில் முடிகிறது. மேற்குக் கடலில் காலணியை நனைத்து, ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து, கிழக்குக் கடலில் அதை எறிய வேண்டும் என்பது நடப்பவர்களின் வழக்கம். நடை முடிகிற இடத்தில், அலை வந்து தொடும் சரிவின் மேலேயே பே ஹோட்டல் இருக்கிறது; அதில் ஒரு பாருக்கே வெயின்ரைட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். நடந்து முடித்தவர்கள் அங்குள்ள ஏட்டில் கையெழுத்திடுவார்கள்.

பதினைந்து நாள் நடந்து அந்தச் சரிவுத் தெருவில் நான் இறங்கியபோது இரவு 8.45. கடலிலிருந்து ஏறிவரும் குளிர்ந்த பனிமூட்டம், இங்குள்ளவர்கள் ‘ஃப்ரெட்’ என்பார்கள், தெருவிளக்குகளை விழுங்கியிருந்தது. ஊரின் பப்புகளில் ஒன்றில் தலையை நீட்டி, அடுக்களை இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். 9 மணிக்கு மூடிவிடுவோம் என்றார் பாரில் இருந்த அம்மையார். என் காலைப் பார்த்தார், முதுகுப்பையைப் பார்த்தார். நீங்கள் இன்னும் கடலைத் தொடவில்லை அல்லவா, போய்த் தொட்டுவிட்டு வாருங்கள், மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ஸ்டேக் பை இருக்கிறது, ஆர்டர் சீட்டை உள்ளே அனுப்பிவிடுகிறேன் என்றார். பணம்கூடக் கேட்கவில்லை. நான் நனைந்து திரும்பியபோது கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் அதன் கீழே செய்தித்தாள் விரிப்பும் தயாராக இருந்தன. விரிப்பு என் காலணிக்காக.

அதே வாரத்தில், மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் 8.35க்கு வாசலிலேயே கையை அசைத்து அனுப்பிவிட்டார்கள். ஆகவே ஒரே சட்டதிட்டம், ஒரே மூடும் நேரம், ஆனால் பாருக்குப் பின்னால் நிற்பவரைப் பொறுத்து எல்லாம் மாறிவிடுகிறது. கேள்விக்குறி ஐயா சொல்லும் அட்டை அவசியம்தான். ஆனால் அந்த அம்மையார் செய்ததை எந்த அட்டையிலும் அச்சடிக்க முடியாது.

கரையூராள் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக் கரையூரிலே பிறந்தவள். இப்போது இருபது வருடங்களாக நார்தம்பர்லாந்தில், கடலிலிருந்து பத்து நிமிட நடைத் தூரத்தில் இருக்கிறேன். லீட்ஸ்வாசி தம்பிக்கு நண்டு சாண்ட்விச் ஏன் தீர்ந்துபோனது என்று சொல்லட்டுமா?

கடலோரத்துப் பப்பில் விற்கும் மீனெல்லாம் எதிரே தெரியும் கடலிலிருந்து வருவதாக நினைப்பது முதல் பிழை. காட், ஹாடக் இரண்டும் பெரும்பாலும் ஐஸ்லாந்து, நோர்வே, பாரன்ட்ஸ் கடல் பக்கத்திலிருந்து வருபவை. கப்பலிலேயே வெட்டி உறையவைத்து வருவதும் உண்டு. அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல மீன்தான். பாரன்ட்ஸ் கடலில் நோர்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து நிர்ணயிக்கும் காட் பிடிப்பு அளவை 2025க்கு 3,40,000 தொன்னாகக் குறைத்துவிட்டார்கள். 1991க்குப் பிறகு அதுவரை நிர்ணயித்ததில் அதுவே மிகக் குறைவு. ஒரு தட்டு மீன் ஏன் இந்த விலை விற்கிறது என்று கேட்பவர்கள் அங்கேயிருந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

எதிரே தெரியும் கடலிலிருந்து உண்மையாகவே வருவது நண்டும் சிங்க இறாலும்தான். அந்தச் சிங்க இறாலிலும் பெரும்பகுதி இங்கே நிற்பதில்லை. ஐரோப்பாவிலேயே அதிகமாகச் சிங்க இறால் இறங்கும் துறை என்று பெயரெடுத்த பிரிட்லிங்டன் யார்க்‌ஷயரிலேதான் இருக்கிறது; ஆனால் அங்கே இறங்குவதில் பெரும்பங்கு உயிரோடு லொறியேறி ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. நண்டைப் பிடித்து, அவித்து, ஆறவைத்து, ஓட்டை உடைத்து, காலுக்குள்ளும் கொடுக்குக்குள்ளும் இருக்கும் வெள்ளைச் சதையைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையைத் தனியே எடுக்க வேண்டும். நானே என் அடுக்களையில் இருந்து செய்து பார்த்தேன். நான்கு நண்டுக்கு ஒரு மணித்தியாலம் போய்விட்டது. காலையில் வந்தது இருபது சாண்ட்விச்சுக்குப் போதுமென்றால் இருபத்தோராவது ஆளுக்குக் கிடையாது. தீர்ந்துவிட்டது என்று சொல்லும் பப்பை நான் நம்புவேன். வருடம் முழுக்க, எந்த நேரமும் நண்டு உண்டு என்று சொல்லும் பப்பைத்தான் இரண்டு முறை பார்ப்பேன். 2021 இலையுதிர்காலத்தில் டீஸ் ஆற்று முகத்திலிருந்து விட்பி வரைக்கும் நண்டும் சிங்க இறாலும் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கியதும், காரணம் என்னவென்று மீனவர்களும் அரசாங்கமும் இன்றுவரை ஒத்துப்போகாததும் இந்தப் பக்கத்தவர்களுக்கு மறக்காது.

முதன்முதல் இங்கே நண்டு சாண்ட்விச் வாங்கியபோது எனக்கு அழுகைதான் வந்தது. மிளகாய்த்தூள் இல்லை, முருங்கையிலை இல்லை, குளிர்ந்த நண்டை வெண்ணெய் பூசிய பழுப்புப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். இந்த நண்டைக் கொன்றதே வீண் என்று நினைத்தேன். மூன்றாவது தடவையில்தான், தேசிக்காய் இல்லாவிட்டால் எலுமிச்சைத் துண்டையாவது பிழிந்து, மிளகு தூவி, பழுப்புச் சதையையும் வெள்ளையையும் ஒரே கடியில் சாப்பிட்டால் கடலின் இனிப்பு நாக்கில் நிற்கும் என்பது விளங்கியது. இந்தப் பக்கத்துக் கடலோரக் கிராமமான கிராஸ்டரில் ஜோலி ஃபிஷர்மன் பப்புக்கு நண்டு சாண்ட்விச்சுக்காகவே ஆட்கள் வருகிறார்கள்; எதிரே ராப்சன் குடும்பத்தாரின் புகைக்கூடத்தில் கருவாலி மரத்தூள் புகையில் ஹெரிங் மீனைக் கிப்பராக்கும் மணம் தெருவெல்லாம் நிற்கும். நம் ஊர்க் கருவாட்டு மணத்தோடு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

எந்தப் பப்பானாலும் மெனுவைத் திறக்கும் முன் பாரில் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு என்ன வந்தது?

நுரைக்கணக்கு எழுதியது:

உணவைப் பற்றியே பேசுகிறீர்கள்; பப்பின் அடுக்களை எப்படிப்பட்டது என்பதை அதன் பீரிலேயே பாதி தெரிந்துகொள்ளலாம் என்பது என் கட்சி. கைப்பம்பில் இழுத்து ஊற்றும் ஏல் என்ற பீர், பீப்பாயைத் திறந்த மூன்று நாளைக்குள் தீர வேண்டும். பருவம் முடிந்த கடலோர ஊரில் ஆறு பம்புகளை வரிசையாக நிறுத்தி ஆறிலும் பீர் ஓடுகிறது என்றால், ஏதோ ஒன்று காடியாகியிருக்கும். இரண்டே பம்புகள் ஓடி, மற்றவற்றின் பெயர்ப்பலகைகள் பின்பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தால், அதாவது அவை தீர்ந்துவிட்டன என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால், அங்கே தைரியமாக உட்கார்ந்து சாப்பாடும் சொல்வேன்.

புளித்திருந்தால் வெட்கப்படாமல் திருப்பிக் கொடுங்கள்; நல்ல பப்பில் மறு பேச்சின்றி மாற்றித் தருவார்கள். பாதி குடித்த பிறகு கொடுத்தால் மட்டும் மரியாதை கிடைக்காது. பைண்ட் என்றால் 568 மில்லிலிட்டர். யார்க்‌ஷயரில் நுரை கெட்டியாக நிற்கும், அதை ரசிப்பவர்கள் உண்டு. ஆனால் நுரை போக 95 சதவீதமாவது பீர் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையே ஒப்புக்கொண்ட அளவு. நிரப்பச் சொன்னால் நிரப்ப வேண்டும்.

குடிக்காதவர்களுக்கும் ஒன்று: மது விற்கும் உரிமம் பெற்ற இடத்தில் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 முதல் உரிம நிபந்தனை. தண்ணீர்ப் புட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து புலம்புகிறவர்கள் என் உறவினர்களிலேயே இருக்கிறார்கள்.

லீட்ஸ்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுக்களைப்பையன் தம்பி கேட்ட கேள்வியை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவியிடமும் கேட்டேன், அவர் அப்போது என் பின்னால் நின்றிருந்தார். சைவமா என்று கேட்டதாக முதல் பதிவில் எழுதியிருந்தேன். உண்மையில் நான் அந்தச் சொல்லையே பயன்படுத்தவில்லை என்கிறார். ‘இதில் இறைச்சி எதுவும் இல்லையே?’ என்று கேட்டேனாம். பையன் சிரித்துக்கொண்டே, ‘உருளைக்கிழங்கு மட்டும்தான்’ என்றானாம். இப்போது நினைவுக்கு வருகிறது. அவன் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னான்.

முதல் பதிவில் அதை மாற்றி எழுதியதற்கு மன்னிக்கவும். வேண்டுமென்று செய்யவில்லை, கோபத்தில் நினைவே தனக்கு வசதியாகத் திரிந்துகொண்டது போலிருக்கிறது.

கேள்விக்குறி எழுதியது:

நேர்மையாக எழுதியதற்குப் பாராட்டுகள். ஆனாலும் நான் என் வாதத்தை விடப்போவதில்லை. ஒரு முதியவருக்காக, இறைச்சி இல்லையே என்று ஒருவர் கேட்கிறார் என்றால் அவர் ஏன் கேட்கிறார் என்பது பாரில் நிற்பவருக்கு உறைக்க வேண்டும். சிப்ஸில் எலும்பு கிடக்கிறதா என்று பார்ப்பதற்காகவா கேட்பார்கள்? ‘இல்லை, ஆனால் மாட்டுக் கொழுப்பில் பொரித்தது’ என்று இன்னும் நான்கே சொற்கள் சேர்த்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும்.

அடுக்களைப்பையன் எழுதியது:

உறைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏன் உறைப்பதில்லை என்பதையும் சொல்கிறேன். அது சாக்கு அல்ல.

அந்தப் பையன் அநேகமாக ஈஸ்டருக்கு வேலைக்குச் சேர்ந்திருப்பான். மே மாத விடுமுறைத் திங்கள்தான் அவன் வாழ்க்கையில் பார்த்த மிகப் பெரிய கூட்டமாக இருந்திருக்கும். இந்தக் கடலோரக் கிராமங்களில் வேலைக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. வீடுகள் விடுமுறை வாடகைக்கும் வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடுகளுக்கும் போய்விட்டன. பாரில் வேலை பார்க்கும் வயதுப் பிள்ளைகள் அங்கே குடியிருக்க முடிவதில்லை. 2022 ஜூனில் விட்பியில் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே போக வேண்டும் என்று வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். நானே ஸ்கார்பரோவிலிருந்து பேருந்தில் போய்வந்தேன். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் முதலாளியம்மாதான் காரில் கொண்டுவிட வேண்டும்.

உணவு ஏன் 2.50க்கு வந்தது என்றும் கேட்டீர்கள். அடுக்களையில் நாங்கள் மூன்று பேர். அச்சிட்ட சீட்டுகள் கம்பியில் வரிசையாகத் தொங்கும். வெளியே வெயில் அடித்தால் 1.30க்கும் 2.15க்கும் இடையில் நாற்பது சீட்டு விழும். ஒரு வாணலியில் ஒரே நேரத்தில் ஆறு மீனுக்கு மேல் போட்டால் கொழுப்பின் சூடு இறங்கி மேல்மாவு தொய்ந்துவிடும். அண்ணாவின் மீன் முறுகலாக இருந்தது என்றால், உள்ளே யாரோ ஒருவர் அவசரப்படாமல் இருந்திருக்கிறார். மதிய அடுக்களையை நாங்கள் 2.30க்கு மூடியதும் திமிர் அல்ல. காலை 9 மணிக்கு நுழைந்தவர்கள் வாணலிகளைக் கழுவி, மாலைக்கு வேண்டியதை நறுக்கிவைத்து, ஒரு மணி நேரம் கடற்சுவரில் படுத்துவிட்டு மீண்டும் 5.30க்கு நிற்க வேண்டும்.

டிப்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் தரும் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்கப் பணியாளர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். நான் வேலை பார்த்தபோது அப்படி இல்லை. வங்கி அட்டையில் கொடுத்த டிப்ஸ் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது.

நடைராசா எழுதியது:

அட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது: இந்தக் கிராமங்கள் பாறைச்சரிவின் அடியில் ஒடுங்கி இருப்பதால் கைப்பேசி அலைவரிசை வந்து வந்து போகும். அட்டை இயந்திரம் சில நாள் வேலை செய்யாது. முப்பது பவுண்டாவது கையில் ரொக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

லீட்ஸ்வாசி எழுதியது:

இழையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன். நான் அந்தப் பப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். குற்றம் சாட்டவில்லை, நான் கேட்ட கேள்வி சரியில்லை என்பதையும் எழுதி, ஆனால் வெளியே உட்காருகிறவர்களுக்கு அந்தக் கரும்பலகை தெரியாது என்று மட்டும் சொன்னேன். மறுநாள் முதலாளியம்மாவே பதில் எழுதினார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சிறிய பொரிகலன் ஒன்றில் சூரியகாந்தி எண்ணெய் இருப்பதாகவும், முன்கூட்டிச் சொன்னால் அதைச் சுத்தமாக மாற்றி வைப்பதாகவும் எழுதியிருந்தார்.

சென்ற புதன்கிழமை மறுபடி போனோம். அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ‘அந்த ஊர்க் கடலை நான் சரியாகவே பார்க்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டு அவராகவே கிளம்பினார். தெரு காலியாக இருந்தது. மேசைகளில் எங்களோடு சேர்த்து மூன்று குடும்பம். உட்கார்ந்ததும் என் மகன் பித்தளை வட்டத்தைத் தேடிப் பிடித்து, பதினொன்று என்று கத்தினான். மெனு அட்டையின் அடியில், பொரிப்பவை மாட்டுக் கொழுப்பில், தாவர எண்ணெய் வேண்டுவோர் கேட்கவும் என்று ஒரு வரி புதிதாக அச்சிட்டிருந்தார்கள். மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

சிப்ஸ் வேண்டவே வேண்டாம் என்று அம்மா மறுத்துவிட்டார். தோலோடு அடுப்பில் சுட்ட முழு உருளைக்கிழங்கைப் பிளந்து, வெண்ணெயும் தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸும் போட்டுத் தந்தார்கள். பாதி சாப்பிட்டுவிட்டு, உப்பு இல்லை, ஆனால் கிழங்கு நல்ல கிழங்கு என்றார். எனக்கும் மனைவிக்கும் நண்டு சாண்ட்விச் கிடைத்தது. கரையூராள் அக்கா சொன்னபடியே எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவினோம். மூன்றாவது தடவைதான் விளங்கும் என்றீர்களே அக்கா, எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. மனைவிக்கு இன்னும் இரண்டு தடவை வேண்டுமாம்.

இனி ஒரு சந்தேகம். அடுத்த மாதம் அம்மாவின் தங்கையும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வறுவல் விருந்து நன்றாக இருக்கும் என்கிறார்களே, இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சைவர்கள் சாப்பிடலாமா?

அடுக்களைப்பையன் எழுதியது:

வேண்டாம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வறுத்த உருளைக்கிழங்கு பல இடங்களில் மாட்டுக் கொழுப்பில் அல்லது வாத்துக் கொழுப்பில். யார்க்‌ஷயர் புட்டிங் மாவில் முட்டை இருக்கும், ஊற்றும் தகரத் தட்டிலும் கொழுப்புதான். கிரேவியை இறைச்சிச் சாற்றிலிருந்து எடுப்பார்கள். சைவ விருந்து தனியாக உண்டு என்று எழுதியிருந்தாலும் இந்த மூன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். அன்று முன்பதிவு இல்லாமல் மேசையும் கிடைக்காது. சித்தியையும் புதன்கிழமையே கூட்டிப்போங்கள், 12.15க்கு முன்னால்.